இறங்கினால்தான் தேர் நகரும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மன் தேர் என்பது டிரக்டருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற பெட்டிதான். மற்ற நாளில் கொழுந்துச் சாக்கு ஏற்றுகிற பெட்டி. திருவிழாவுக்கு முதல் நாள் அதைக் கழுவி, மூங்கில் கட்டி, சீலை சுற்றி, பதினைந்து அடிக்கு உயர்த்திவிடுவார்கள். ஒன்பது வருடமாக அதை இழுக்கிறவன் நான், அலோசியஸ். வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் அந்த ஒரு வாரம் மீன், இறைச்சி தொடமாட்டேன். அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இந்த வருடம் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் லயத்து வீடுகளைச் சுற்றி முடித்து, கீழ்கணக்குக்கு இறங்கப்போகும் நேரத்தில்தான் வம்பு ஆரம்பித்தது. பெட்டியின் பின்பக்கம் விளக்குக்கான ஜெனரேட்டர். அதைச் சுற்றிப் பெண்களும் இளவட்டங்களுமாகப் பத்துப் பதினைந்து பேர். மத்தியானம் பெய்த மழையில் இறக்கம் முழுக்கச் சேறு. பெட்டிக்கு பிரேக் கிடையாது. பின்னால் பாரம் கூடினால் கொழுவிய முன்பக்கம் மேலே எழும்பும். டிரக்டரின் பெரிய சக்கரம் மண்ணைப் பிடிக்காது. இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம், கண் போதும்.

எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"எல்லாரும் எறங்குங்க. ஜெனரேட்டர முன்னுக்கு தள்ளி வைங்க. அப்பத்தான் எடுப்பேன்."

கோயில் தலைவர் ஜீவராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "முன்னுக்கு வச்சா பொக சாமி மேல அடிக்கும். நடுப்பாதையில தேர நிப்பாட்டக் கூடாதுன்னு தெரியாதா? ஒனக்கெங்க தெரியப்போகுது!"

அந்த 'ஒனக்கெங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"தெரியாதுதாங்க தலைவரே. கவுந்தா எல்லாரையும் ஒரே பள்ளத்துல பொறுக்கணும். அது மட்டுந்தான் தெரியும்."

"நல்ல நாள்ல வாயப் பாரு!" பெட்டியின் பின்கோடியில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அழகம்மா கத்தினாள். "புள்ளைக்கு சொகமானா கீக்கணக்கு வரைக்கும் தேருல ஒக்காந்து வாரேன்னு வேண்டியிருக்கேன். நான் எறங்க மாட்டேன்."

"அப்ப நீயே ஓட்டிக்க தாயி."

போய் வழியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். தேருக்கு முன்னால் அடித்த தப்பு மேளம் ஓய்ந்தது. திட்டு ஓயவில்லை. என் அப்பன், பாட்டன், நான் கும்பிடுகிற சாமி, ஒருவரையும் விடவில்லை. கால் மணி நேரம் கழித்து ஜீவராஜ் பாதி இறங்கி வந்தார். ஆட்கள் இறங்குவார்கள், ஜெனரேட்டர் அசையாது. எனக்கும் கத்திக் கத்தி அலுத்துப்போயிருந்தது. சரி என்று தலையாட்டினேன். அது என் பிழை. பாதிக்குத்தான் சண்டை போட்டேன்.

அழகம்மா கடைசியாக இறங்கினாள். "என் நேத்திக்கடன கெடுத்துட்ட. ஒன் கையி வெளங்காது," என்றாள்.

எல்லோரையும் பின்னால் தள்ளி நடக்கச் சொல்லிவிட்டு, முதல் கியரில் இறங்கினேன். தொட்டால் சேற்றில் வழுக்கும் என்று பிரேக்கைத் தொடவில்லை. மதகுப் பக்கத்து வளைவில் பெட்டியின் பின்பக்கம் ஒதுங்கி, டிரக்டரையே தள்ளத் தொடங்கியது. ஸ்டீயரிங்கை ஒடித்து டிரக்டரை மண்மேட்டில் சாத்தினேன். கொழுவிய ஆணி முறிந்தது. பெட்டி மட்டும் பள்ளத்தில் சரிந்து தேயிலைக்குள் கவிழ்ந்தது. மூங்கிலெல்லாம் நொறுங்கியது. அம்மன் ஒரு தேயிலைச் செடியில் சாய்ந்து நின்றாள். அழகம்மா உட்கார்ந்திருந்த பலகையைச் சப்பையாக்கிக்கொண்டு அதன்மேல் கிடந்தது ஜெனரேட்டர்.

"வேதக்காரன் வேணும்னே கவுத்துட்டான்!"

முதல் அடி தலைவருடையது. அடுத்தது முதுகில், யாருடையது என்று தெரியவில்லை. அழகம்மா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே சேற்றை வாரி என் முகத்தில் எறிந்தாள். சேற்றில் விழுந்தேன். கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது சுற்றிலும் கால்கள். எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து நான் இறக்கிவிட்ட கால்கள். ஒன்றிலும் சிராய்ப்புக்கூட இல்லை. நன்றாகத்தான் மிதித்தன.