இடுப்புக்கு ஒரு வழி

எங்கள் வீட்டில் ஒரு நீலச் சட்டை இருக்கிறது. எட்டு மாதத்தில் பதினாறு இன்டர்வியூவுக்குப் போய் வந்த சட்டை. இன்னும் இரண்டு முறை இஸ்திரி போட்டால் அது தானாகவே பஸ் ஏறிப் போய்விடும்.

சட்டையில் குறை இல்லை, அதற்குள் இருக்கிற என் வீட்டுக்காரரிடம்தான் குறை. பதினான்கு வருஷம் ஒரு சோப்புக் கம்பெனியின் கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் ஆட்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்டர்வியூ அறையின் கதவு திறந்தால் இவர் வாய் மூடிக்கொள்கிறது. உள்ளே ஊமை, வெளியே வாயாடி. திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலிருந்து போன் செய்து, கேட்ட கேள்விக்கெல்லாம் என்னிடம் பதில் சொல்வார். அத்தனையும் சரியான பதில். கேட்கிற எனக்குத்தான் வயிறு எரியும்.

வீட்டிலேயே பழக்கிப் பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்டு உட்கார்ந்துகொண்டு, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். "உனக்குத் தெரியாததா?" என்றார். அன்றோடு அந்தப் பயிற்சி முடிந்தது.

பதினாறாவது இடமும் கைவிரித்த அன்று, "போதும்மா" என்றார். "திங்கட்கிழமையிலேருந்து உங்க அண்ணன் கடைக்குப் போறேன். அவர்கிட்டயும் சொல்லியாச்சு."

என் அண்ணன் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். அவன்தான் ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கூப்பிட்டான். நல்லவன்தான். ஆனால் செய்த உதவியைப் பத்துப் பேர் முன்னால் சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "நம்ம மாப்பிள்ளைதான், சும்மா இருந்தாரு, கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். இவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது. ஒரே மாதத்தில் மனுஷர் பாதியாகிவிடுவார். அண்ணனோடு எனக்கும் பேச்சு நின்றுபோகும்.

"வெள்ளிக்கிழமை மருந்துக் கிடங்குல ஒண்ணு பாக்கி இருக்கே. அதையும் பாத்துடுங்க. நானும் வர்றேன்" என்றேன்.

"நீ எதுக்கு?"

"நீங்க வழியில இறங்கி ஓடாம பாத்துக்கத்தான்."

பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதுக்கே போய் நிற்பது இவர் வழக்கம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இவர் படைக்கும் முந்துவார். பதிவேட்டில் முதல் கையெழுத்து இவருடையது, அதனால் முதல் அழைப்பும் இவருக்கே. பின்னால் இன்னும் ஏழு பேர் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பெரிய மீசை வைத்த ஒருவர் சான்றிதழ்களை எண்ணி எண்ணி உறைக்குள் வைத்தார். நோட்டும் கையுமாக ஒரு பெண் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பல் பிடுங்க வந்தவர்களைத் தினமும் பார்க்கிற எனக்கு இந்த முகங்கள் புதிதில்லை.

உள்ளே போன ஆறாவது நிமிஷம் இவர் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்தேன். கேட்க வேண்டியதே இல்லை.

"என்ன சார் கேட்டாங்க?" என்றார் மீசைக்காரர்.

"ஒரு லாரி, மூணு கடை. முதல் கடையில இறக்க வேண்டியது கனமான பீப்பாய். கடைசிக் கடையில கண்ணாடி பாட்டில். எப்படி ஏத்துவீங்கன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன்."

"கடைசியில இறக்குறதை முதல்ல ஏத்தணும், அவ்வளவுதானே?" என்றாள் நோட்டுக்காரப் பெண்.

"பாட்டில் உள்ள போயிடும். அதுக்குப் பின்னால பீப்பாய் நிக்கும். டிரைவர் சட்டுனு ஒரு பிரேக் போட்டா?"

"ஐயோ!" என்றாள்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. என் மடியிலிருந்த கைப்பையை என்னைக் கேட்காமலே எடுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் நாற்காலியில் கொட்டி, பையைப் படுக்கவைத்தார். அது லாரி. தண்ணீர் பாட்டிலும் பவுடர் டப்பாவும் பீப்பாய்கள். என் கண்ணாடிக்கூடு மருந்து பாட்டில். சீப்பு, சாவிக்கொத்து, பாதி சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட் என்று என் மானம் முழுவதும் நடு ஹாலில் கிடந்தது.

"பாட்டில் உள்ள, டிரைவர் பக்கம். பீப்பாயை ரெண்டு சுவரோரமும் சமமாப் பிரிச்சு நிறுத்துங்க. ஒரே பக்கம் வச்சா வண்டி சாயும். பட்டை போட்டுச் சுவரோட இறுக்கிக் கட்டுங்க. நடுவுல இடுப்புக்கு ஒரு வழி விடுங்க. இறக்குறவனும் மனுஷன்தானே, அவன் இடுப்பு நுழையணும்ல? முதல் கடை பூட்டியிருந்தாலும் கவலை இல்ல, அடுத்த கடைக்குப் போயிடலாம்."

மீசைக்காரர் உள்ளே போனார், சிரித்துக்கொண்டு வந்தார். அடுத்தவருக்கு இவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ!

"ஏங்க, இவங்கெல்லாம் உங்களுக்குப் போட்டியா வந்தவங்க. ஊருக்கு உபதேசம் போதும், வாங்க போலாம்."

"இரு. அந்தப் பொண்ணுக்கு இன்னும் சரியாப் புரியல."

கடைசியாக அந்தப் பெண்ணும் உள்ளே போய்விட்டு மலர்ந்த முகத்தோடு வந்தாள். அவள் பின்னாலேயே அதிகாரியும் வந்துவிட்டார். நரைத்த தலை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, சிரிக்காத முகம். அந்த அம்மாளைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தோம்.

"இங்க யாரு பாடம் நடத்துனது?"

மீசைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். செருப்புப் போட்டிருந்த ஒருவர் குனிந்து ஷூ லேஸ் கட்டினார். ஒருவர்கூட இவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஏழு பேரும் 'இடுப்புக்கு ஒரு வழி'ங்கறாங்க. இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. யாரு சொன்னது?"

இந்த அம்மாள் நாலு கிடங்குக்கு போன் போட்டு, இந்த ஆளைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டால்? யோசிக்காமல் ஓரடி முன்னால் வந்தேன். "நான்தாங்க."

"நீங்களும் வேலைக்கு வந்தவங்களா?"

"இல்லைங்க, துணைக்கு வந்தேன்."

"சரி. முதல் கடை பூட்டியிருந்தா என்ன பண்ணுவீங்க?"

ஏழு தடவை காதில் விழுந்த பாடம், நாக்கு தானாக ஓடியது. "அடுத்த கடைக்குப் போயிடலாம். நடுவுல வழி இருக்கே."

"பீப்பாயை ஒரே பக்கம் வச்சா?"

"வண்டி சாயும்."

"எங்க வேலை பாக்குறீங்க?"

"பல் டாக்டர்கிட்ட."

ஹாலே சிரித்துவிட்டது. அப்போதுதான் இவர் முன்னால் வந்தார். "அவ இல்லைங்க. நான்தான்."

"உள்ள கேட்டப்ப ஏன் சொல்லல?"

"உள்ள வரலைங்க. எப்பவும் எனக்கு வெளிய வந்தப்புறம்தான் வரும். அப்புறம் வந்த பதிலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இவங்களும் என்னை மாதிரி மாசக்கணக்கா அலையுறவங்கதானே. இவங்களுக்காவது உதவட்டும்னு சொன்னேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷரையா சற்று முன் கரித்துக்கொட்டினேன் என்று வெட்கமாக இருந்தது.

அதிகாரி அறைக்குத் திரும்பவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கைப்பைக்கு முன்னால் உட்கார்ந்தார். "இங்கயே பேசுவோம். அடுத்த மாசம் சரக்கு ஏத்த முப்பது பேர் புதுசா வர்றாங்க. இந்த வேலையே தெரியாதவங்க. முதல் நாள் என்ன சொல்லித் தருவீங்க?"

இவர் கண்ணாடிக்கூட்டைக் கையில் எடுத்தார். இருபத்தைந்து நிமிஷம் பேசினார். நடுவில் மீசைக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார், தீர்த்துவைத்தார். அந்த அம்மாள் ஒரு யோசனை சொன்னார். "அது தப்புங்க" என்றார் இவர். நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஏன் தப்பு என்று சீப்பை வைத்துக் காட்டினார். அந்த அம்மாள் அதைக் குறித்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க. வேலை ஆர்டரை இப்பவே வாங்கிக்கிட்டுப் போங்க."

"சரிங்க. அந்த நோட்டுப் பொண்ணு நல்லாக் கேள்வி கேக்குதுங்க, அதையும்..."

"முதல்ல நீங்க கையெழுத்துப் போடுங்க சார். சிபாரிசெல்லாம் அப்புறம்!"

வாசலுக்கு வந்ததும் அண்ணனுக்கு போன் செய்தேன். குரலைக் கெத்தாக வைத்துக்கொண்டு, "அண்ணா, திங்கட்கிழமை அவர் கடைக்கு வர மாட்டாரு. கிடங்குல சூப்பர்வைசர் வேலை கிடைச்சிருக்கு" என்றேன்.

"நிஜமாவா? அப்பாடா!" என்றான். "நாலு நாளா எனக்குச் சரியாத் தூக்கமில்லம்மா. அவ்வளவு பேரை வேலை வாங்கின மனுஷன், என் கடையில டப்பா எடுத்துக் குடுத்துக்கிட்டு நிக்கறதை நான் எப்படிப் பாப்பேன்? உன் முகத்துக்காகத்தான் வாங்கன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணனைப் பற்றி மேலே எழுதியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி உண்மைதான். ஏனென்றால் போனை வைப்பதற்குள்ளேயே, "நம்ம மாப்பிள்ளைக்குப் பெரிய கம்பெனியில வேலை!" என்று அவன் கடையில் யாரிடமோ கத்துவது எனக்குக் கேட்டது.