கேட்காத கோடு

ஒரு கார்க் கதவு தேவைப்பட்டது. கோபத்தில் அறைந்து சாத்தும் கதவு அல்ல. சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்புகிறவன் மெதுவாக இழுத்துச் சாத்தும் கதவு. அவளுடைய ஒலிச் சேமிப்பில் இருந்த கார்க் கதவுகளெல்லாம் பழைய படங்களில் அடியாட்கள் சாத்தியவை. எதை எடுத்துப் போட்டாலும் யாரோ உதைக்க வந்தது போல இருந்தது. தெருவில் போய்ப் புதிதாகப் பதிவுசெய்யலாம் என்றால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றால் எதிர்வீட்டு மோட்டார் தொடங்கும். வீட்டின் பின்னறையில், ஜன்னலை மறைத்து நிறுத்திய பழைய மெத்தைக்கும் போர்வை தொங்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்து, காசில்லாத படங்களுக்குச் சத்தம் சேர்த்துத் தருகிறவளுக்கு அக்கம்பக்கத்து மோட்டார்களின் நேரமெல்லாம் மனப்பாடம்.

அப்போதுதான் தம்பியின் நினைவு வந்தது. படத்தின் இயக்குநர் அவன்தான். வங்கி அதிகாரி வேஷத்துக்கு வர வேண்டியவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, தானே டை கட்டிக்கொண்டு நடித்தான். நடித்து முடித்தவன் சட்டைக்குள் ஒட்டியிருந்த சின்ன மைக்கைக் கழற்ற மறந்து தெருவில் நின்ற காருக்குப் போய்விட்டான். அவனுடைய மைக் பதிவான தடத்தில் ஒரு கார்க் கதவு கட்டாயம் இருக்கும்.

அந்த நேரத்தில் அவள் உள்ளே இருந்தாள். ஓர் இடத்தில் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஆளில்லாத அறையின் வெறும் சத்தத்தைப் பதிவுசெய்வது அவள் வழக்கம். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே அதைத்தான் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு நிற்கும் இடத்தில் படமே செத்துப்போனது போல இருக்கும். "அக்கா ரூமுக்கு நாடி பாக்கப்போறாங்க, எல்லாரும் வெளிய வாங்கப்பா" என்று கேமராக்காரர் ஒவ்வொரு முறையும் கேலி செய்வார். மற்ற மைக்குகளை ஹெட்போனில் அடைத்துவிட்டு, அறையை மட்டும் கேட்டபடி கண்ணை மூடி நின்றிருந்தாள். ரெக்கார்டர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, தம்பியின் நெஞ்சிலிருந்த மைக்கையும்.

தடத்தைத் திறந்தாள். துணி உரசல். ஷூவுக்கடியில் சரளை. பிறகு ஒரு குரல். அடுத்த படத்துக்குத் தம்பியை எடுத்திருக்கும் பெரிய கம்பெனியின் மேனேஜர். அன்று படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்தார். உரசலுக்கு அடியில் புதைந்து கிடந்த பேச்சை அவள் ஒலியை ஏற்றாமலே பிரித்துக் கேட்டாள்.

"சவுண்டுக்கு உங்க அக்காவையே போட்டுக்கலாமேனு முதலாளி கேட்டாரு. நல்ல பேரு இருக்கே அவங்களுக்கு."

"வேணாம் சார்."

"ஏன், வீட்டுக்குள்ள தகராறா?"

"சேச்சே. அக்காவுக்குக் காது போச்சு சார். முழுசா இல்ல, இந்தக் கீச்சுனு வர்றது, மேல் சத்தம், அது கேக்கறதில்ல. போன படத்துல ரெண்டாம் பாதி பூரா ஒரு விசில் அடிச்சுட்டே இருந்துச்சு. அப்படியே கையில குடுக்கறாங்க. நாந்தான் வெளிய ஒரு ஆள்கிட்ட குடுத்து எடுத்தேன். அவங்களுக்கு இது தெரியாது."

"அடப்பாவமே."

"கண்ணு தெரியாத டிரைவர் வண்டியில ஏறி உக்காந்திருக்கோம் சார், இத்தன நாளா. பழகின ரோடா போச்சு, தப்பிச்சோம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பியின் சிரிப்பு மைக்குக்கு அருகில், நெஞ்சுக்கூட்டின் கனத்தோடு வந்தது. அதன்பின் கார்க் கதவு. மெதுவாக, ரப்பர் அழுந்தி, கொக்கி கடைசியில் தயங்கி விழுந்தது. அவள் தேடிய அதே கதவு.

அதை வெட்டியெடுத்தாள். காட்சியில் பொருத்தினாள். ஓட்டிப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பேச்சைத் திரும்ப ஓட்டினாள்.

முதலில் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு வக்கீல்தனம். பொய் சொல்கிறான். காது போனவள் எப்படித் துணி உரசலுக்கு அடியிலிருந்து இந்தப் பேச்சைப் பொறுக்கியெடுத்தாள்? அவனிடமே போட்டுக் காட்டலாமே, இந்தாடா, உன் அக்காவின் செவிட்டுக் காது கேட்டதை நீயும் கேள் என்று. அம்மா வேலைக்குப் போய்விடும் வீட்டில் இவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், பிறகு சினிமாதான் என்று அவன் நின்றபோது வீட்டில் எல்லாரோடும் மல்லுக்கு நின்றவள் அவள். அவன் படங்கள் ஒவ்வொன்றுக்கும் அவள்தான் சத்தம். கதாநாயகி நடந்தால் அது அவள் கால். கிழவர் இருமினால் அவள் தொண்டை. எலும்பு முறிந்தால் அவள் அடுப்படியிலிருந்து எடுத்து ஒடித்த கேரட். "நல்ல காலம் வரட்டும்க்கா, பெரிய தியேட்டர்ல உக்காந்து மிக்ஸ் பண்ணுவோம், நடு சீட்டு உனக்குத்தான்" என்று அவன் சொல்லாத படம் இல்லை. அந்த நல்ல காலம் இப்போது வந்தேவிட்டது. ஏதோ ஒரு சாக்கு வேண்டுமே, அதற்காகக் காதைச் சொல்லியிருக்கிறான். இந்தத் தொழிலில் இப்படி ஒரு பேச்சு ஒருமுறை வெளியே போய்விட்டால் அப்புறம் யார் கதவைத் தட்டுவார்கள்?

ஆனால் போன படத்தின் தடங்கள் அதே கணினியில்தான் இருந்தன.

கணினித் திரையில் சத்தத்தைப் படமாகக் காட்டும் ஜன்னல் ஒன்று உண்டு. கனத்த சத்தம் கீழே, கீச்சென்பது மேலே, நிறநிறமாக. அவள் அதைத் திறப்பதே இல்லை. கண்ணால் பார்த்துச் சத்தத்தை வெட்டுகிறவன் கறிக்கடைக்காரன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள். இப்போது திறந்தாள். இரண்டாம் பாதி விரிந்தது. திரையின் மேல்பக்கம் ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் துடைத்தாள். போகவில்லை. படத்தை நகர்த்தியபோது அதுவும் நகர்ந்தது. ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு, பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முனை முறியாத வெள்ளைக் கோடு.

வெளியான படத்தை இறக்கி அதையும் திறந்தாள். அதில் கோடு இல்லை. யாரோ மயிரிழை பிசகாமல் வழித்தெடுத்திருந்தார்கள். சுத்தமான வேலை என்று அவளுக்குள்ளிருந்த தொழில்காரி ஒப்புக்கொண்டாள்.

கோட்டை மட்டும் பிரித்துத் தனியாக ஒலிக்கவிட்டாள். ஹெட்போனில் ஒன்றும் இல்லை. ஏற்றினாள். ஒன்றும் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கருக்கு மாற்றி இன்னும் ஏற்றினாள். அறை அசையாமல் இருந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் கூடத்திலிருந்து கத்தினாள்.

"அம்மா! அந்தக் கருமத்த நிறுத்தித் தொலை, பல்லு கூசுது!"

"எது?"

"எதுவா? காதுல ஊசி குத்தற மாதிரி அடிக்குது, எதுங்கற. எப்பப் பாரு எதையாவது போட்டுவிட்டுட்டு நீபாட்டுக்கு உக்காந்திருக்க."

எப்பப் பாரு. அப்படியானால் இது முதல்முறை இல்லை.

மகள் போன பிறகு அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காது போவதை ஒரு சாவைப் போலக் கற்பனை செய்து வைத்திருந்தாள்; ஒரு நாள், ஒரு வெடிப்பு, பிறகு இருட்டு. இதுவோ வீட்டிலிருந்து ஸ்பூன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது போல, எண்ணிப் பார்க்காதவரை தெரியாமல் நடந்திருக்கிறது. சில்வண்டுகள் நினைவுக்கு வந்தன. இருட்டுக் காட்சி என்றால் அவள் சில்வண்டு போடுவாள். படத்துக்குப் படம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள், எடுபடவில்லை எடுபடவில்லை என்று. "அக்காவோட பூச்சி" என்று குழுவில் அதற்குப் பேரே உண்டு. ஒரு விமர்சகர் அந்தப் பூச்சிகளின் அலறலில் மனிதத் தனிமையைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார். அவள் அதை நான்கு பேருக்கு அனுப்பி மகிழ்ந்தாள். அவளுக்குப் பாணி என்று ஒன்று இருப்பதாக நம்பிய இடத்தில் இருந்தது ஓர் ஓட்டை.

அதையும் விழுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வயசானால் ஆகிறதுதான். விழுங்க முடியாதது வேறு. போன படம் முடிந்த அன்று, இதே அறையில், தம்பி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உன் காதுதான்க்கா எனக்குச் சொத்து" என்றான். விசிலைக் கேட்டுவிட்டு, நேரே எழுந்து வந்து அதைச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் அதற்கு முந்தைய படத்துக்குச் சொன்னது? அதற்கும் முன்னால்? புகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எது நல்லது, எது சொத்தை என்று பிரிக்க முடியவில்லை. "அக்கா, உனக்குக் கேக்கல" என்று ஒரு வார்த்தை. திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், மூன்று மாதம் பேசாமல் இருந்திருப்பாள். ஆனாலும் அது அவளிடம் சொன்ன வார்த்தையாக இருந்திருக்கும். அந்நியன் ஒருவனிடம், சிரிப்போடு, கார் ஓரத்தில் அல்ல.

புதிய படத்தையும் அந்த ஜன்னலில் திறந்தாள். அதிலும் கோடுகள் இருந்தன. இடத்துக்கு ஒன்றாக, ஏதோ விளக்கிலிருந்து, ஏதோ பழைய மின்விசிறியிலிருந்து. கறிக்கடைக்காரியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து வழித்தெடுத்தாள். முடிந்ததும் ஒரு கோட்டை மட்டும் திரும்பக் கொண்டுவந்தாள். மருத்துவமனை வராண்டாவில் அம்மாவும் மகனும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி. வசனமே கிடையாது. அங்கிருந்த கோட்டைத் தனித் தடத்தில் பிரித்துவைத்து, பதிவானபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவில் விட்டாள். அவன் கேட்கட்டும். கேட்டுவிட்டுச் சொல்லட்டும். சொல்லிவிட்டானானால் அந்தக் கார், அந்தச் சிரிப்பு எல்லாவற்றையும் அழித்துவிடுவது, வாழ்நாளில் வாயைத் திறப்பதில்லை என்று தனக்குள் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்தான். எப்போதும் போல வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்னக்கா, மெத்தைய மாத்தவே மாட்டியா? ஊர் உலகத்து மூட்டைப்பூச்சியெல்லாம் நம்ம படத்துலதான் அசிஸ்டெண்ட்டா இருக்கும் போல."

"அதுங்களாவது சொன்ன நேரத்துக்கு வருது. உக்காருடா."

உட்கார்ந்தான். காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தான். அவன் பொய் சொல்லப்போகும்போது கையைப் பிசைவது சின்ன வயதிலிருந்தே உண்டு.

"அக்கா, அடுத்த படத்துக்கு... அவங்க கம்பெனிக்குனு ஒரு சவுண்டு டீம் இருக்காம். அவங்களத்தான் போடணும்ங்கறாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"எவ்வளவு சொன்ன?"

"சண்டையே போட்டேன்னு வச்சுக்கோயேன்."

"சரி, வச்சுக்கறேன்."

அவன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அவள் திரைப் பக்கம் திரும்பிப் படத்தை ஓடவிட்டாள். சத்தம் படமாகத் தெரியும் ஜன்னல் அவளுடைய சின்னத் திரையில் திறந்திருந்தது, அவன் பார்வைக்கு எட்டாது. அவன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். வங்கிக் காட்சியில் தன் நடிப்பைக் கேட்டுத் தானே சிரித்தான். கதவு சாத்தும் இடத்தில் "ஆகா" என்றான். அது உண்மையான ஆகா என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வராண்டாக் காட்சி வந்தது. சின்னத் திரையின் மேல் ஓரத்தில் கோடு தொடங்கியது. அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். மூடிய இமைகள் சுருங்கின. தலை கொஞ்சம் பின்னால் போனது, ஈ மொய்க்க வந்தது போல. கண்ணைத் திறந்தான்; அவள் பார்ப்பதைக் கண்டதும் முகம் தளர்ந்து, தலையாட்டினான்.

காட்சி முடிந்ததும் நிறுத்தினாள்.

"எப்படிடா இருக்கு?"

"சுத்தம்க்கா. கண்ணாடி."

"இந்த இடத்துல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நல்லா கேட்டுச் சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

ஒரு நொடி அவன் வாய் திறந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிந்த சின்ன ஈரச் சத்தத்தை அவள் தெளிவாகக் கேட்டாள். அதைக் கேட்க அவளுக்குக் காது இருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா" என்றான். "உன் காதுக்குத் தப்பி ஒரு சத்தம் போயிருமா?"

"சரி, இன்னொரு தடவ போடறேன். உனக்கும் எனக்கும் நிம்மதி."

மறுபடி ஓட்டினாள். வராண்டாவில் அம்மாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் தனித் தடத்தின் மேல் விரலை வைத்து மெல்ல மேலே தள்ளினாள். திரையில் கோடு தடித்தது. அவளுக்கு வராண்டா அமைதியாக இருந்தது. தூரத்தில் ஒரு தள்ளுவண்டிச் சக்கரம், யாரோ புரட்டும் காகிதம். தம்பியின் தாடை இறுகியது. அவள் இன்னும் தள்ளினாள். அவன் கை காதுப் பக்கம் எழுந்து, பாதியில் நினைத்துக்கொண்டு, தலைமுடியைக் கோதிவிட்டு இறங்கியது. உட்கார்ந்திருந்த முக்காலியின் விளிம்பைப் பிடித்த விரல்நகங்கள் வெளுத்தன. கண்ணோரத்தில் நீர் கோத்தது. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பிரமாதம் என்பது போலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவளும் சிரித்தாள். கோடு திரையின் குறுக்கே விரலளவு தடிப்பில் போய்க்கொண்டிருந்தது. உயர்த்திய கட்டைவிரலை அவன் இன்னும் இறக்கவில்லை.