காலியான கட்டிலின் முகவரி

1

இந்தக் கதை எனக்குத் துணி மடிக்கும்போது கிடைத்தது. படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைத் தங்கையும் இரண்டு முனைகளை நானும் பிடித்திருந்தோம். "அக்கா, அவர்கிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன்" என்றாள். இப்படித் தொடங்கும் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நமக்கு ஒரு கணக்கு உண்டல்லவா? அந்தக் கணக்கு தப்பு. அவள் மறைத்தது கம்ப்யூட்டருக்குள் இருந்த ஓர் ஓட்டையை.

எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னை ரொம்ப நல்லவளா ஆக்கிடாதே."

2

முதல் தொடக்கம்: இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல், நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும்போது

(அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: தங்கையின் வீட்டுக்காரர் நர்ஸ்.

இது சரி. மாப்பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே கட்டிலுக்குக் கட்டில் மானிட்டர். நோயாளி தேறி வேறு வார்டுக்குப் போகும்போது, விரலில் மாட்டிய சென்சாரின் வயரைக் கழற்றுவார்கள். சமயத்தில், கழற்றிய கொஞ்ச நேரத்தில் மானிட்டர் உறைந்து, அணைந்து, தானே மறுபடி எரியும். அதற்குள் அடுத்த நோயாளி அந்தக் கட்டிலில் இருப்பார். மூச்சுக்குத் திணறும் மனிதர், இருண்ட திரை.

"நீங்க வயரை முரட்டுத்தனமா இழுக்கறீங்க தம்பி" என்றார் வார்டு பொறுப்பாளர் அம்மா. இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அவரைக் கட்டுப்போடும் அறைக்கு மாற்றிவிட்டார்.

3

அதற்கு முன்பே ஒருநாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

"கழற்றின உடனேவா, கொஞ்சம் கழிச்சா?" என்று கேட்டாள் தங்கை.

"கொஞ்சம் கழிச்சுதான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா இல்லை. கெர்னலுக்கு நிரல் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. அந்த மானிட்டரில் ஓடும் அதே கெர்னலைத் தன் கணினியில் ஓட்டி, ஒரு சென்சாரை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றிப் பார்த்தாள். பிடிபட்டது.

எனக்கு அவள் விளக்கியது இப்படி:* ஒரு நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கட்டிலில் வேறொருவரைப் படுக்க வைத்தாயிற்று. ஆனால் பழைய சீட்டை வைத்திருக்கும் ஒருவர், அதே கட்டில் எண்ணைப் பார்த்து ஊசியோடு வருகிறார். சென்சார் போனதும் கெர்னல் அதன் நினைவக இடத்தை விடுவித்து இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. கெர்னலின் வேறொரு பகுதியோ பழைய முகவரியிலேயே போய் எழுதுகிறது.

(* நான் சொன்ன வாடகை வீட்டுச் சாவி உதாரணத்தை, "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்று ஒதுக்கிவிட்டாள்.)

மானிட்டர் அணைவது சின்ன விஷயம். விஷமக்காரன் ஒருவனுக்கு இது தெரிந்தால், அந்த இடத்தில் தனக்கு வேண்டியதை வைத்து எந்திரத்தையே கைப்பற்றலாம். அதே கெர்னல் ஓடும் எந்திரங்கள் எங்கெங்கோ இருக்கின்றன. கெர்னலின் அந்தப் பகுதியைப் பராமரிக்கும், அவள் முகம் பார்த்தறியாத ஒருவருக்கு எழுதினாள். அவரும் பதறிப்போய்த் திருத்தம் தயாரித்தார். கூடவே ஒரு வரி: எந்திரம் செய்யும் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் திருத்தம் போய்ச் சேரும்வரை, தயவுசெய்து யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

மாப்பிள்ளையை இடம் மாற்றியது அதற்கடுத்த வாரம்.

4

இந்த இடத்தில்தான் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. புருஷனிடம் கூடவா சொல்லக் கூடாது?

"சொல்லியிருந்தா அவர் நேரா அந்த அம்மாகிட்ட போயிருப்பார், அக்கா. தனக்காக இல்ல. அங்க படுத்திருக்கறவங்களுக்காக. அப்புறம் அது எப்படி ரகசியம்?"

ஒருநாள் மாப்பிள்ளை செல்போன் சார்ஜர் வயரைச் சுவரிலிருந்து மெல்ல மெல்லக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறாள், தூங்கும் குழந்தையின் பிடியிலிருந்து விரலை விடுவிப்பதுபோல.

"என்ன பண்றீங்க?"

"பழகிப் பாக்கறேன். என் கைதான் முரடோ என்னவோ."

"உங்க கை மேல தப்பு இல்லைங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் வாயைத் திறந்து,

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவளும் முடிக்கவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாளாம்.)

5

திருத்தம் வெளியானது. மானிட்டர்களுக்கும் வந்து சேர்ந்தது, அணைவது நின்றது. பொறுப்பாளர் அம்மா மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து இங்கயே வந்துடுங்க தம்பி" என்றார். மன்னிப்பெல்லாம் கிடையாது. ஒரு புதுக் கையுறைப் பெட்டியை மட்டும் நீட்டினாராம்.

அன்று மாலை தங்கை அவரைக் கணினி முன் உட்கார வைத்தாள். உலகம் முழுக்கப் படிக்கக்கூடிய திருத்தக் குறிப்பு. அதில் 'பிழையை முதலில் கவனித்துச் சொன்னவர்' என்ற இடத்தில் அவருடைய பெயர், இனிஷியலோடு. அவள்தான் கேட்டுப் போட வைத்திருந்தாள்.

அவர் தன் பெயரை விரலால் தொட்டார். பிறகு கண் கீழே இறங்கியது. புகார் வந்த தேதி. இடமாற்றத்துக்கு முந்தைய வாரம்.

தங்கை தயாராகத்தான் இருந்தாள். கோபப்படுவார், எழுந்து போவார், ஏன் சொல்லவில்லை என்பார்.

அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்: "இவ்வளவு நாளும் இதைத் தனியாவா சுமந்துக்கிட்டிருந்தே? எப்படிம்மா தூங்கினே?"

அவள் என்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் ரொம்ப நல்லவளாகிவிட்டாள், ஒன்றில் மன்னிப்புக் கேட்டாள், ஒன்றில் பேசாமலே இருந்தாள். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

உங்களை யாராவது இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதையே இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.