மூன்று தளபதிகளும் ஒரு கிடங்கும்

சீனத்து ஹான் அரசின் அதிகாரி பின்சுவர் ஏறிக் குதித்து ஓடியதும் ஊர் கலகக்காரர்கள் கைக்கு வந்துவிட்டது. தலையில் மஞ்சள் துணி கட்டிய குடியானவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு பசியோடு நின்றார்கள். விளைச்சல் பொய்த்த வருடத்திலும் விடாமல் வரியாகப் பிடுங்கிய தினை, அதிகாரி மாளிகைக்குப் பின்னால் கிடங்கில் பூட்டிக் கிடந்தது.

ரோங் கூடையோடு மாளிகைக்குள் போனாள். அரண்மனைக்கு மரம் சுமக்கப் பிடித்துக்கொண்டு போன அவள் புருஷன் திரும்பவே இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் அவன் தம்பி பாவ் ஊரைத் திரட்டினான். இப்போதோ, அதிகாரியின் பட்டு அங்கியை மாட்டிக்கொண்டு, மேடையில் நடுவே யார் உட்காருவது என்று மற்ற இரண்டு தலைவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“சாவி எங்கடா?”

“பொறுங்க அண்ணி. முதல் தளபதி யாருன்னு முடிவாகட்டும். அவர் கையாலதான் தொறக்கணும்.”

“வெளியில புள்ளைங்க மரப்பட்டையக் கடிச்சிக்கிட்டிருக்கு. உனக்கு நடு இடம் கேக்குதா?”

“இவர் விட்டுக்குடுத்தா நான் ஏன் கேக்கப்போறேன்?”

“நான் ஏன் விட்டுக்குடுக்கணும்? மொதல்ல கொடி புடிச்சது நான்” என்றார் பக்கத்திலிருந்த தாடிக்காரர்.

மறுபடி ஆரம்பித்தது. ரோங்குக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. வெளியே வந்து பெண்களைக் கூப்பிட்டாள். வண்டி நுகத்தடியால் இடித்துக் கிடங்குக் கதவைப் பெயர்த்தார்கள். அரசின் படை எப்படியும் வரும் என்று, தினை மூட்டை மூட்டையாக மலைப்பக்கம் போக ஆரம்பித்தது.

மதியம், அரசின் குதிரைப்படை ஆற்றைத் தாண்டிவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் மாளிகைக்குத் திரும்ப ஓடினாள்.

“கெளம்புடா. படை வருது.”

“பின்வாங்கச் சொல்ல ஒரு தளபதி வேணாமா அண்ணி? அதத்தான் பேசிக்கிட்டிருக்கோம்.”

அவள் அவன் அங்கியின் கையைப் பிடித்து, பட்டு கிழியக் கிழிய, தெருவரை இழுத்துக்கொண்டு போனாள். மற்ற இருவரும் மேடையை விட்டு அசையவில்லை.

சாயங்காலம் மலைமேலிருந்து பார்த்தால் ஊர் எரிந்துகொண்டிருந்தது. பாவ் குந்தி உட்கார்ந்து அழுதான்.

“அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல அண்ணி.”

“எனக்கு ரெண்டு கைதான்டா இருக்கு” என்றாள். பிறகு உலக்கையை அவன் பக்கம் தள்ளினாள். “எழுந்து தினையக் குத்து. எல்லாரும் பசியில கெடக்காங்க.”

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு குத்தத் தொடங்கினான். தினை நாலாபக்கமும் தெறித்தது.

“மெதுவாடா” என்றாள் ரோங். “செதறுது பாரு.”