ஒரு மனிதருக்கு இரண்டு எண்கள்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. மனத்தில் தானாக ஊற்றெடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் படிவத்தின் நகல் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துவைக்கும் அலுவலகம் கொடுத்தது. இரண்டு அறைகள், ஒன்பது இரும்பு அலமாரிகள், சத்தத்தை மட்டும் தரும் ஒரு மின்விசிறி. அங்கே எதையும் அழிக்கக் கூடாது. தவறு நேர்ந்தால் ஒரே ஒரு கோடு. அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். ஓரத்தில் கையெழுத்து, தேதி. அதே வழக்கத்தை இங்கும் வைத்துக்கொள்கிறேன். என் சோம்பலுக்கு இவ்வளவு மரியாதையான காரணம் இதுவரை கிடைத்ததில்லை.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை, நீலக் கட்டம் போட்ட சட்டையில் வாசலில் நின்று அவர் என்னைத் திரும்பிப் பார்த்தபோது—"

[அடித்தது. என் கணவர் எதையும் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. மறந்துவிட்டுப் போகும் குடையைக்கூட.]

இரண்டாம் தொடக்கம்: "பதினோரு ஆண்டுகளுக்கு முன்—"

[அடித்தது. நீங்கள் கொட்டாவி விடுவது தெரிகிறது.]

மூன்றாவது: என் கணவர் அந்த அலுவலகத்தில் இரண்டு பேராக இருக்கிறார்.

இது நிற்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரில் நான் ஒரு பதிவு கொடுத்திருந்தேன். சான்றிதழ்ப் பெயரில் நாத்தனார் இன்னொன்று. பதிவுக்கு ஒன்றாக அவருக்கு இரண்டு எண்கள். அப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை, ஆகவே தனித்தனியாகப் போனோம். (ஏன் பேசவில்லை என்பது வேறு கதை. அதில் நான் நல்லவள்.) கடைசியாக அணிந்திருந்தது என்ற இடத்தில் என் பதிவில் நீலக் கட்டச் சட்டை, அவள் பதிவில் வெள்ளை. இரண்டு பதிவிலும் இருப்பவர் ஒருவரே என்பதை ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி போன வாரம்தான் கண்டுபிடித்து, எங்களை வரச் சொன்னார். பட்டியல் வெள்ளிக்கிழமை விசாரணை ஆணையத்துக்குப் போகிறது.

"ஒரு ஆள ரெண்டு தடவ எண்ணியிருக்கோம்னு தெரிஞ்சா, மொத்தப் பட்டியலையும் பொய்யின்னுடுவாங்க," என்றார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணாக்கணும். இல்லேன்னா ரெண்டையும் எடுத்துட வேண்டியதுதான்."

3

கதாசிரியர் இங்கே குறுக்கிட வேண்டியிருக்கிறது. இந்தக் கதையில் மனைவியாக வருபவள்மேல் எனக்குச் சந்தேகம். அன்று காலை அவள் வாசலுக்கே வரவில்லை. முந்தின நாள், கழுவாமல் வைத்த ஒரு பாத்திரத்துக்காகச் சண்டை. விடிந்தும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "போய்ட்டு வரேன்" என்று கணவர் சொன்னபோது தூங்குவதுபோல் நடித்தாள். நடிப்பு சுமார்தான், அவர் சிரித்தது கேட்டது.

நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்ததால் அதைத்தான் போட்டிருப்பார் என்று பதிவில் சொன்னாள். எட்டு நாள் கழித்து அது கதவுக்குப் பின்னால், மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பதிவை அவள் திருத்தப் போகவில்லை.

4

"வெள்ளைதான் மேடம்," என்றாள் நாத்தனார். "எங்க வீட்டுக்கு வந்து டீ குடிச்சுட்டுதான் போனாரு. மேல சிந்திக்கிட்டு, அண்ணி திட்டுவாங்கன்னு எங்கிட்ட துணி வாங்கித் தொடச்சாரு."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ.

"சரி, அண்ணி சொன்னதையே போடுங்க. கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாததா. என்னோடத நானே அடிச்சுத் தரேன்."

பதினோரு ஆண்டுகளில் அவள் எனக்கு விட்டுக்கொடுத்த முதல் விஷயம். அதற்கு இதுவா கிடைத்தது.

முடிவு அ: வாங்கிக்கொள்கிறேன். அவர் தவறான சட்டையோடு ஆணையத்துக்குப் போகிறார். வெள்ளைச் சட்டைக்காரரைக் கண்டதாக யாராவது சாட்சி சொன்னால், அது என் கணவர் என்று யாருக்கும் தெரியாது.

முடிவு ஆ: பேனாவை அவள் கையிலிருந்து பிடுங்குகிறேன்.

நடந்தது ஆ. "வெள்ளைதான். நான் பாக்கல," என்று என் வரியில் கோடு போட்டேன். "ஓரத்துல கையெழுத்து, தேதி," என்றார் அந்தப் பெண்மணி.

வெளியே வந்ததும் நாத்தனார் கேட்டுவிட்டாள். "பாக்கலையா? அப்ப அன்னைக்கு எங்க இருந்தீங்க அண்ணி?"

பேருந்து வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன். எனக்குப் பேருந்துகள்மேல் என்றுமே மதிப்பு உண்டு.

5

நான் எழுதும் எதையும் நாத்தனார் முழுதாகப் படித்ததில்லை. கடைசிப் பத்திக்குத் தாவி, நல்லபடியாக முடிகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவாள். ஆகவே கடைசிப் பத்தி உங்களுக்கு இல்லை, மன்னிக்கவும்.

ஏம்மா, மூன்றாம் பகுதியைப் படி. அதில் வரும் மனைவி நான்தான். படித்துவிட்டு வா. இது எப்படி முடிய வேண்டும் என்று நீ சொல்.