இருபத்தாறு கைகள்

டமார்!

கிருஷ்ணன்கோவிலைத் தாண்டி வத்திராயிருப்பு ரோட்டில் போய்க்கொண்டிருந்த மில் பஸ், இடது பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடி, ஒரு புளியமரத்துக்கு நாலடி முன்னால் நின்றது. உள்ளே தூங்கி வழிந்துகொண்டிருந்த இருபத்தேழு பெண்களும் ஒரே குரலில் அலறினார்கள்.

"ஒண்ணுமில்ல, டயருதான். உசுரு இருக்கவங்கல்லாம் எறங்குங்க" என்றான் டிரைவர் சமுத்திரம்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. ராஜபாளையம் நூல் மில்லில் காலை ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிகள் அப்போதே இறங்கிப் போய்விட்டார்கள். இவர்களுக்குத்தான் இன்னும் பாதை இருந்தது. தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் மரநிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சக்கரம் மாட்டி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அத்தனை பேர் சும்மா உட்கார்ந்தால் பேச்சு வராமல் இருக்குமா? வந்தது. ஓடைக்காட்டுப் பேச்சு.

"அரை மணி இங்க போச்சு. இன்னும் ஓடைக்காட்டுக்குள்ள போயித் திரும்பணும்" என்று ஆரம்பித்தாள் ஆவுடையம்மாள். பஸ்ஸிலேயே மூத்தவள் அவள்தான். "எம்புட்டு நாளைக்குத்தான் இப்படி? படுத்த படுக்கையா கெடக்க மனுசனுக்குப் பொங்கி வச்சிட்டு வரணும்னு மூணு மணிக்கே எந்திரிக்கேன். அந்த இருவது நிமிசம் எனக்குத் தூக்கம்டி."

அவள் சொன்னதில் பொய்யில்லை. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தது ஓடைக்காடு. முன்பெல்லாம் அங்கே ஐந்து பேர் ஏறுவார்கள். நாலு பேர் வேலையை விட்டு நின்றுவிட, மிச்சம் கிருபாபாய் ஒருத்தி. அவள் ஒருத்திக்காகக் குண்டும் குழியுமான ரோட்டில் பஸ் உள்ளே போய்த் திரும்பக் காலையில் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம்.

"சித்ராக்கா, ஒங்க வழியிலயே முடிச்சிருவோம். கை தூக்குவோம்" என்றாள் இந்து. இருபத்திரண்டு வயசு, வாய் மட்டும் அறுபதைத் தாண்டியது.

ஜெயசித்ராவுக்குச் சுருக்கென்றது. அது அவள் வழிதான். ஆறு மாதத்துக்கு முன்னால் யாரையும் கேட்காமல் பஸ் நேரத்தை மாற்றி மில் ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டியபோது, அந்த நோட்டீஸைப் பிய்த்துக்கொண்டு போய் மேனேஜர் மேஜையில் வைத்தவள் அவள். 'பஸ்ல போறவ நாங்க. எங்களக் கேக்காம எப்படி சார்?' பதினெட்டு நாள் நடையாய் நடந்தாள். கடைசியில் அவரும் சலித்துப்போய், 'பஸ் விஷயத்தை நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்கம்மா' என்றார். அன்றிலிருந்து எல்லாம் கை தூக்கித்தான். காலையில் பாட்டு வேண்டாம் என்றது கை. சம்பள நாளில் கடைத்தெருவில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும் என்றது கை. சொந்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட ஜெயசித்ராவிடம் ஒரு வார்த்தை கேட்டவர்கள் இல்லை. இந்த பஸ்ஸில் கேட்டார்கள். அந்தப் பெருமையில் ஆறு மாதமாகக் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்துகொண்டிருந்தாள்.

"இது பாட்டுப் போடுத விசயமில்லட்டி. காலையில நாலரை மணி இருட்டுல அவ தனியா எப்படி நடந்து வருவா? வழி பூரா தென்னந்தோப்பு. நாய் வேற."

"மெஜாரிட்டி, மெஜாரிட்டின்னு சொல்லிக்குடுத்தது யாரு? ஒங்களுக்குப் பிடிச்சா மெஜாரிட்டி, பிடிக்கலன்னா இருட்டு, நாயா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயசித்ரா என்ன சொன்னாலும், அவள் முன்பு சொன்ன வார்த்தையே திரும்பி வந்து அவளைக் கடித்தது.

கைகள் உயர்ந்தன. மில்லில் நூல் சுற்றிய கோன்களை எண்ணுவதுபோல ஒவ்வொரு கையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனாள் இந்து.

"உள்ள போவ வேண்டாம்னு இருபத்தாறு. போவணும்கிறது?"

ஜெயசித்ரா கையைத் தூக்கினாள். அது மட்டும் தனியாக நின்றது.

"சீட்டு எழுதிப் போடுவோம். யாரு பேரும் தெரியாம" என்றாள் அவசரமாக.

"தோத்த பொறவு மறு எலெக்சனா?"

பஸ்ஸுக்கு அடியிலிருந்து சமுத்திரத்தின் குரல் வந்தது. "யக்கா, ஒங்களுக்கு டெபாசிட்டே போயிருச்சு!"

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஜெயசித்ராவுக்குக் கணக்கு உறைத்தது. மொத்தம் இருபத்தேழு பேர். எதிர்த்தது அவள் ஒருத்தி. அப்படியென்றால்?

திரும்பிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த கிருபாபாய் தலை நிமிராமல், ஏற்கெனவே சுத்தமாக இருந்த டிபன் பாக்ஸைச் சேலை முந்தியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் கிளம்பியது. ஓடைக்காட்டுக்குப் பாதை பிரியும் விலக்கு வந்ததும் சமுத்திரம் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். "இன்னைக்கு ஒரு நாளாவது உள்ள போவட்டா?"

ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூக்கமா என்னவோ தெரியவில்லை.

"வேண்டாண்ணே. இங்கனயே எறங்கிக்கிடுதேன்" என்று எழுந்தாள் கிருபாபாய்.

அவள் பின்னாலேயே ஜெயசித்ராவும் குதித்து இறங்கி, அவள் பையைப் பிடித்து நிறுத்தினாள். கோபத்தில் மூச்சு வாங்கியது. இந்துவை நாலு வார்த்தை கேட்க முடியாத கோபம், தானே கட்டிய வீட்டில் தன் தலையே இடித்த கோபம், எல்லாம் சேர்ந்து இவள் மேல் வந்தது.

"ஒனக்குப் புத்தி இருக்காட்டி? நீ ஒருத்தி என்கூட நின்னிருந்தா, ரெண்டு பேருன்னு சொல்லி ஆபீஸ்ல போய்ச் சண்டை போட்டிருப்பேன்ல? ஒன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியே! எதுக்குட்டி கையத் தூக்குன?"

சமுத்திரம் ஹாரன் அடித்தான். ஜன்னல்களில் தெரிந்த முகங்களைக் கிருபாபாய் ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெதுவாகப் பையை விடுவித்துக்கொண்டாள்.

"அம்புட்டுக் கையும் மேல நிக்கும்போது என் கை மட்டும் கீழ கெடந்தா, நாளைக்கு நான் நடந்து வார லேட்டாச்சுன்னா, 'செத்த நேரம் நில்லுங்க, கிருபா வந்துருவா'ன்னு சொல்லுததுக்கு இந்த பஸ்ல யாருக்கா இருப்பா?"