வெள்ளை முனை

மூன்றாவது நாளாக அக்கா உதிர்ந்த முடியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பேச்சு கிடையாது, பைதான் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அழகு நிலையத்தில் முடியை நேராக்குவதுதான் என் வேலை. நாலு மாதம் முன்னால் அக்கா கெஞ்சிக் கேட்டாள், செய்துவிட்டேன். அடுத்த வாரமே அவளுக்குக் காய்ச்சல், பதினைந்து நாள் படுக்கை. இப்போது கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. காய்ச்சலை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். என் ஆசிட் வேரையே பொசுக்கிவிட்டதாம், அம்மா சொல்கிறாள். அது ஆசிட்டே இல்லை என்று எத்தனை தடவைதான் கத்துவது? முடிக்குள் கோத்துக்கொண்டிருக்கும் பிணைப்புகளை முதல் மருந்து அவிழ்க்கும். நேராக இழுத்துவிட்டு இரண்டாவது மருந்தால் மறுபடி பூட்டுவோம். வெளியே தெரிவது உயிரில்லாத முடி. உயிர் தோலுக்குள்ளே இருக்கிறது, அதன் பக்கமே நான் போகவில்லை. அத்தான் வேறு, பெரிய மேதாவி மாதிரி, அடுத்தது மொட்டைதானா என்று கேட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

சின்ன வயதிலிருந்து அக்காவுக்கு நான்தான் பின்னிவிடுவேன். இப்போது கிட்டே போனாலே தலையை இழுத்துக்கொள்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்றைக்கு விடுவதில்லை என்று அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பையை வெள்ளைத் தாளில் கொட்டி, ஒரு முடியை எடுத்து நுனியைக் காட்டினேன். குருணை போல ஒரு வெள்ளைப் புள்ளி.

"இதைப் பாத்துத்தானே வேரோட வருதுங்கறீங்க? இது வேர் இல்லக்கா. வேர் உள்ளயே இருக்கு."

காய்ச்சல் உடம்பை உலுக்கினால் நிறைய முடி ஒரேயடியாக வளர்ச்சியை நிறுத்திவிடும், இரண்டு மூன்று மாதம் கழித்து வெள்ளை முனையோடு மொத்தமாக விழும், அடியில் அடுத்தது முளைக்கும் என்று சொன்னேன். மருந்தில் உடைந்த முடிக்கு மட்டும் இந்த முனை இருக்காது. முனை இருந்தால் காய்ச்சல், இல்லாவிட்டால் நான். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எல்லாம் வெள்ளை, வெள்ளை. அக்கா தாளின் மேல் குனிந்தாள்.

அடியில் குட்டை முடிகள் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். இரண்டு பக்கமும் மொட்டை, முனையே இல்லை. அன்றைக்குப் பின்னந்தலையில் மருந்து பூசிவிட்டு, அவசரமாக வந்த ஒரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனேன். சொந்த அக்காதானே, காத்திருப்பாள் என்ற நினைப்பு. திரும்பி வரும்போது மருந்து பத்து நிமிடம் கூடுதலாக ஊறிவிட்டது. பாவி, அதை அடியோடு மறந்திருந்தேன்.

அவள் பார்ப்பதற்குள் அவற்றை இடது கையில் அள்ளி மூடிக்கொண்டேன். வலது கையால் அவள் விரலைப் பிடித்து நெற்றியோர வகிட்டில் வைத்தேன்.

"குத்துது," என்றாள்.

"புதுசு. மாசத்துக்கு அரை இஞ்ச் வளரும்."

பத்து நாளில் முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு நாற்காலியில் திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டினாள்.

"உம்மேல போய்ப் பழி போட்டேனே. பின்னி விடுடி. பின்னாடி மட்டும் மெதுவா, அங்கதான் ரொம்பப் போயிருக்கு."

சீப்பை வாங்கிக்கொண்டேன். முடியை மூன்றாகப் பிரிக்க வேண்டும். இடது கை இன்னும் மூடியே இருந்தது.